நாவல் வாசகர் கூடுகையும் எழுத்தாளர் சந்திப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிக் கரையிலுள்ள எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலையில், ஒரு நாவலை எடுத்து வைத்துக்கொண்டு பேசத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ எழுத்தாளர் ஒருவரையும் அழைக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதாலும், வேறு ஊர்களில் இப்படியொரு கூடுகையைத் தொடங்க நினைப்பவர்கள் தொலைபேசியில் அதையே கேட்பதாலும், விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விடைகள் என் அனுபவத்திலிருந்து வந்தவை. எங்கள் கூடுகையிலேயே சிலர் இவற்றோடு உடன்படுவதில்லை.

நாவலை முழுவதும் படிக்காமல் வரலாமா?

வரலாம், ஆனால் படிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதி படித்தவர் பாதியில் ஏன் நிறுத்தினார் என்பது முழுவதும் படித்தவர்களுக்குப் பயன்படும் செய்தி. நூற்றிருபதாம் பக்கத்தில் மூன்று பேர் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். பின்னட்டையையும் இணையத்தில் கிடைத்த ஒரு மதிப்புரையையும் படித்துவிட்டு முழுவதும் படித்தவர்போலப் பேசுவதைத்தான் தாங்க முடியாது. ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஆனால் மரியாதை கருதி யாரும் சொல்ல மாட்டார்கள்.

“பிடித்திருந்தது” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லையே?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது. இதற்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு விதி. கருத்தைச் சொல்வதற்கு முன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியதோ அதைத் திறந்து நான்கு வரி வாய்விட்டுப் படியுங்கள். பிறகு சொல்ல வேண்டியது தானாக வரும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் பேசிய நாளை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவில் ஜமுனா, அவள் தங்கை சாயா, அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா ஆகியோரைச் சுற்றி நடக்கும் சிறிய நாவல் அது. அன்று வந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர், “நன்றாக இருந்தது, எளிமையாக எழுதியிருக்கிறார்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேருந்துப் பயணச்சீட்டை அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். வாழ்க்கையில் மனம் உடைந்து நிற்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் திருமண வாழ்க்கையைச் சொல்லும் இடம் அது. அதைப் படித்து முடித்தபின், “இந்த அம்மாள் ஆறுதல் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, தன் கணக்கைத்தான் சொல்கிறாள், அதுதான் ஆறுதலாக இருக்கிறது” என்றார். பிறகு எழுபதுகளில் தம் அக்கா இரவு இரண்டு மணிக்குக் குடத்தோடு அடிபம்பின் முன் வரிசையில் நின்றதையும், குடம் மாறிப்போய் நடந்த சண்டையையும் சொன்னார். அன்றைய கூட்டத்தில் அதற்குமேல் ‘எளிமை’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை.

‘யதார்த்தம்’, ‘ஆழம்’, ‘உணர்வுபூர்வம்’, ‘விறுவிறுப்பு’ ஆகிய நான்கு சொற்களையும் ஒருமுறை விளையாட்டாகத் தடை செய்து பார்த்தோம். முதல் அரைமணி நேரம் பெரும் மௌனம் நிலவியது. அதன் பிறகு நடந்த பேச்சு அந்த ஆண்டின் மிகச் சிறந்த பேச்சாக அமைந்தது.

எந்த நாவலில் தொடங்குவது?

இருநூறு பக்கத்துக்குள் இருப்பதில் தொடங்குங்கள். புதிதாகத் தொடங்கும் கூடுகைகள் ஆர்வத்தில் பெரிய நாவலை எடுத்து, இரண்டாம் மாதமே ஆளில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். பூமணியின் ‘அஞ்ஞாடி’ 2014ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் என்பதால் அதைப் பேசியே ஆக வேண்டும் என்று ஒருமுறை முடிவு செய்தோம். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் அந்த நாவலை ஒரே மாதத்தில் முடிப்பது நடக்கிற காரியமில்லை என்று புரிந்ததும் நான்கு பகுதிகளாகப் பிரித்து நான்கு மாதம் பேசினோம். நான்காம் மாதத்தில் எஞ்சியிருந்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரும் இன்றுவரை ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தேர்வு செய்வதை ஒருவரே செய்யக் கூடாது. வருபவர்கள் சுற்று முறையில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்போதுதான் தொடர்கதை படித்து வளர்ந்தவரும் சிற்றிதழ் படித்து வளர்ந்தவரும் ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் படிக்கும்படி ஆகும்.

வட்டார வழக்கில் எழுதிய நாவல்கள் புரியவில்லை. என்ன செய்வது?

சத்தமாகப் படித்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். கண்ணுக்குப் பழகாத எழுத்துக்கூட்டல்தான் தடை, காதுக்குப் போனதும் அது பேச்சாகிவிடுகிறது. கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. இன்றும் கோவைப் பக்கத்து ஆள் ஒருவர் அதைப் படிக்கக் கேட்டால் அகராதி தேவைப்படாது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வழக்குச் சொல் அகராதி இருக்கிறது. ஈழத்து நாவல்களில் வரும் சில சொற்களுக்கு எங்களுக்கு வேறு வழியில்லாமல், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய ஓர் அம்மையாரை அழைத்துவந்தோம். அவர் பொருள் சொன்னதைவிட, ஒரு சொல்லை எந்தத் தொனியில் சொன்னால் கோபம், எந்தத் தொனியில் சொன்னால் செல்லம் என்று காட்டியதுதான் நினைவில் நிற்கிறது.

முடிவை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது தவறா?

கூட்டத்தில் தவறில்லை. முடிவைப் பேசாமல் நாவலைப் பேச முடியாது.

ஒருவர் உயிராக நினைக்கும் நாவலை இன்னொருவர் குறை சொன்னால்?

சண்டை வரும், வரட்டும். எங்கள் கூடுகையில் இதுவரை நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் ‘பொன்னியின் செல்வன்’ பற்றியவை. பதினான்கு வயதில் அம்மாவின் பைண்டு செய்த கல்கி இதழ்களில் அதைப் படித்தவர்களுக்கு அது ஒரு நாவலாக மட்டும் இருப்பதில்லை. கோடை விடுமுறையும், பாட்டி வீட்டுத் திண்ணையும், தாளின் பழுப்பு மணமும் சேர்ந்த ஒன்றாக இருக்கிறது. “பாத்திரங்கள் எல்லாரும் ஒரே மாதிரி சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள்” என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னபோது, மூத்தவர் ஒருவருக்கு அவருடைய பாட்டியையே குறை சொன்னதுபோல இருந்தது.

அன்றைக்கு உதவியது பழைய விதிதான். இருவரும் பக்கத்தைத் திறந்தார்கள். வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் சந்தித்துக்கொள்ளும் இடங்களை அடுத்தடுத்துப் படித்தார்கள். மாணவி சொன்னதில் பாதி சரி என்று மூத்தவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் வாரம் முழுவதும் மக்கள் காத்திருந்தார்கள் என்பதை மாணவி ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதியில் இருவரும் இன்னும் உடன்படவில்லை, உடன்பட வேண்டிய அவசியமும் இல்லை.

நாவலைக் குறை சொல்வதற்கும் நாவலாசிரியரை மிரட்டுவதற்கும் இருக்கும் தூரத்தை மட்டும் மறக்கக் கூடாது. பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பினால், 2015 ஜனவரியில் அவர் தமக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒரு புத்தகத்தைப் படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, அவர் மீண்டும் எழுத வழி செய்தது. அந்த நாவலைப் பேசிய மாதத்தில் எங்கள் கூடுகைக்கு வந்தவர்களில் மூவருக்கு அது பிடிக்கவில்லை. மூவரும் காரணத்தோடு சொன்னார்கள். தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வாசகர் சொல்லும் கருத்து எழுத்தாளரை உண்மையிலேயே பாதிக்குமா?

பாதித்ததற்குத் தமிழில் நல்ல சான்றுகள் உண்டு. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. தாய் அப்படிச் செய்யக் கூடாது என்றார்கள், செய்ய மாட்டாள் என்றார்கள். சரி, அந்தத் தாய் ஏற்றுக்கொள்ளாமல் போயிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை எப்படி ஆகியிருக்கும் என்று எழுதிக் காட்டியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது.

அந்த நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் ஒருவர் வருகிறார். கதாநாயகி கங்கா ஒரு பத்திரிகையில் அவருடைய கதையைப் படித்து, அது தன்னுடைய கதை என்று உணர்கிறாள். வாசகி தன் எழுத்தாளரைச் சந்திப்பதையே நாவலின் முடிச்சாக ஆக்கிவிட்டார் ஜெயகாந்தன். திட்டிக் கடிதம் எழுதியவர்களுக்கு இதைவிடப் பெரிய பதிலை யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

கல்கியின் பதில் வேறு மாதிரியானது. 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததால், அவர் தனியாக ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. கற்பனைக் கதையை முடிப்பதைப்போலச் சரித்திரக் கதையை முடிக்க முடியாது என்று அதில் விளக்கி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி வைத்தார். அதையும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் தவறாமல் படியுங்கள். நாவலைப் படித்த பலர் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எழுத்தாளர்களை எங்கே சந்திக்கலாம்?

எளிய வழி புத்தகக் காட்சி. பபாசி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது பொங்கலை ஒட்டிய நாட்களில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. பல எழுத்தாளர்கள் தங்கள் பதிப்பகத்தின் அரங்கில் மாலை நேரங்களில் இருப்பார்கள். விடுமுறை நாள் மாலையில் போனால் கூட்டத்தில் அவர்களுடைய தோளைத்தான் பார்க்க முடியும். பேச விரும்புகிறவர்கள் வேலை நாள் பிற்பகலில் போவது நல்லது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்டில் நடத்தும் புத்தகத் திருவிழாவும் இதற்கு ஏற்றது. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடப்பதால் சென்னைக்குப் போக வேண்டிய கட்டாயமும் குறைந்திருக்கிறது.

புத்தகக் காட்சியில் கிடைப்பது இரண்டு நிமிடம். நிதானமாகப் பேச வேண்டுமென்றால் கலந்துரையாடலுக்கென்றே நடக்கும் நிகழ்வுகளுக்குச் செல்ல வேண்டும். கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் வழங்கும் விருது ஒரு நாவலின் பெயரைத் தாங்கியது. வாசகர்கள் கூடி மூத்த படைப்பாளிகளுக்கு வழங்குவது. டிசம்பரில் நடக்கும் அந்த விழாவை ஒட்டி எழுத்தாளர்களோடு வாசகர்கள் கேள்வி கேட்டு உரையாடும் அமர்வுகள் நடக்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நடக்கும் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அங் மோ கியோ நூலக வாசகர் வட்டம் நெடுங்காலமாகத் தெரிந்த பெயர்.

எழுத்தாளரை வீட்டுக்குப் போய்ச் சந்திக்கலாமா?

ஒரு காலத்தில் அதுதான் வழக்கமாக இருந்தது. ஜெயகாந்தனின் கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடியில் கூடிய சபை பெயர் பெற்றது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீடு எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் திறந்தே இருந்தது. இடைசெவலிலிருந்து புதுச்சேரிக்கு வந்து 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த கி. ராஜநாராயணனைத் தேடிப் போனவர்களில் எங்கள் கூடுகையின் நால்வரும் உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கப் போனவர்களிடம், அந்தச் சொல் உங்கள் ஊரில் எப்படி வழங்குகிறது என்று அவர் திருப்பிக் கேட்டு, பக்கத்திலிருந்த தாளில் குறித்துக்கொண்டாராம். கேட்கப் போனவர்கள் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இன்றைக்கு முன் அனுமதி இல்லாமல் போவது சரியல்ல. பலர் பகலில் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்கள், பெண் எழுத்தாளர்களுக்கு முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து நிற்பது மகிழ்ச்சியான செய்தியும் அல்ல. பதிப்பகத்தின் வழியாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். கடிதத்தில் எந்த நாவலின் எந்த இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறீர்கள் என்று எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். “தங்கள் படைப்புகளின் தீவிர ரசிகன்” என்று மட்டும் எழுதினால் நன்றி என்ற ஒற்றைச் சொல்தான் வரும்.

சந்திப்பில் எழுத்தாளரிடம் என்ன கேட்கலாம்?

அவர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேளுங்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே போய்த் தகவல் திரட்டி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அப்படிப்பட்ட ஒருவரிடம், உப்பளத்தில் யார் உங்களிடம் முதலில் மனம்விட்டுப் பேசினார், பேச மறுத்தவர் யார் என்று கேட்டால் அவரிடமிருந்து நாவலில் இல்லாத ஒரு கதை வரும். முதல் அத்தியாயம் முதலில் எழுதியதுதானா, வெட்டி எறிந்த பகுதி எது, ஒரு பாத்திரத்தின் பெயரை எத்தனை முறை மாற்றினீர்கள் என்பவை எல்லாம் எங்கள் கூடுகையில் நல்ல விடைகளைக் கொண்டுவந்த கேள்விகள்.

தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு: “இது உங்கள் சொந்தக் கதையா?” ஆம் என்றால் அவர் வீட்டார் சங்கடப்படுவார்கள், இல்லை என்றால் கேட்டவர் நம்ப மாட்டார். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5ஆம் தேதி, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், காலமானார் என்ற செய்தியோடு தொடங்கி, பிற்பகுதியில் அவருடைய நாட்குறிப்பையும் தருகிறது. காம்யு இறந்தது உண்மை, ஜே.ஜே. பிறக்கவே இல்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்று நம்பி அவருடைய புத்தகங்களை விசாரித்தவர்கள் உண்டு. நடந்ததா இல்லையா என்ற கேள்வி எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மற்றொன்று, கேள்வி கேட்பதாக எழுந்து சொற்பொழிவாற்றுவது. எங்கள் சந்திப்பு ஒன்றில் ஒருவர் “ஒரே ஒரு சிறு கேள்வி” என்று தொடங்கிப் பதினெட்டு நிமிடம் பேசி, இறுதியில் “இதைப் பற்றித் தங்கள் கருத்து?” என்று முடித்தார். எழுத்தாளர் “சரிதான்” என்று சொன்னார். அதற்குப் பிறகு கேள்விகளை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்குகிறோம்.

எழுத்தாளர் எதிரிலேயே குறை சொல்லலாமா?

சொல்லலாம். அவர் அதற்குத்தான் இத்தனை தூரம் பேருந்தில் வந்திருக்கிறார். பாராட்டு அவருக்குத் தொலைபேசியிலேயே கிடைக்கும். ஆனால் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தோடு சொல்ல வேண்டும், அவருடைய சாதி, கட்சி, பழைய பேட்டி ஆகியவற்றை இழுக்காமல் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் வாசகி ஒருவர், நாவலில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி செய்யும் ஒரு வேலையைக் குறிப்பிட்டு, “நான் இரண்டு பிள்ளை பெற்றவள் ஐயா, இதைச் செய்ய முடியாது” என்றார். நாவலாசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்க எண்ணைக் கேட்டுத் தம் பிரதியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். அடுத்த பதிப்பில் அந்த வரி இல்லை.

எழுத்தாளரை அழைக்க என்ன செலவாகும்? பொன்னாடை அவசியமா?

போக்குவரத்துச் செலவும், இரவு தங்க ஓர் அறையும், ஒரு தொகையும் கட்டாயம் தர வேண்டும். இலக்கியச் சேவை என்ற பெயரில் அவரையே டிக்கெட் எடுத்து வரச் சொல்வது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அது எந்தச் சேவையிலும் சேராது. தொகையை உறையில் போட்டுக் கடைசி நிமிடத்தில் பையில் திணிக்காமல், அழைக்கும்போதே எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். இருபது பேர் தலைக்கு இருநூறு ரூபாய் போட்டால் நான்காயிரம் சேர்ந்துவிடும். எங்கள் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

பொன்னாடையைப் பொறுத்தவரை, முதல் ஆண்டு ஒரு மூத்த எழுத்தாளருக்கு வரிசையாக ஒன்பது பேர் போர்த்தினோம். மே மாதம், மின்விசிறி ஒன்றுதான். அவர் வியர்த்து வழிந்தபடி எல்லாவற்றுக்கும் கும்பிட்டார். ரயிலேறும்போது, “இந்த ஒன்பதையும் நான் என்ன செய்யட்டும் தம்பி?” என்று கேட்டார். இப்போது ஆடைக்குப் பதிலாக அவருடைய நாவலின் பிரதிகளை ஆளுக்கொன்று விலை கொடுத்து வாங்குகிறோம். அச்சிட்ட பதிப்பகமும் மகிழும்.

கையெழுத்து வாங்குவது, படம் எடுத்துக்கொள்வது?

நிகழ்ச்சி முடிந்தபின் செய்யுங்கள். கையெழுத்துக்கு நீட்டும் புத்தகம் அவர் எழுதியதாக இருக்க வேண்டும். அவசரத்தில் வேறொருவரின் நாவலை நீட்டியவரும் எங்களில் உண்டு.

நான் எழுதிய நாவலின் பிரதியை அவரிடம் கொடுக்கலாமா?

முதல் சந்திப்பில் வேண்டாம். அவர் மறுக்கத் தயங்கி வாங்கிக்கொள்வார், படிக்க நேரமிருக்காது, நீங்கள் மாதக்கணக்கில் தொலைபேசிக்குக் காத்திருப்பீர்கள். அதற்குப் பதிலாகக் கூடுகையில் ஒரு அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள்.

நாவலை பி.டி.எஃப்.ஆகப் பகிர்ந்துகொள்ளலாமா?

நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசு உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கிய நூல்களைத் தாராளமாகப் பகிரலாம். கல்கியின் படைப்புகள் அவ்வகையைச் சேர்ந்தவை; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் அத்தகைய நூல்கள் முறையாகக் கிடைக்கின்றன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பதால், வாழ்ந்துகொண்டிருப்பவரின் நாவலை ஸ்கேன் செய்து வாட்சப் குழுவில் போடுவது அவர் பையிலிருந்து எடுப்பதற்குச் சமம். அப்படிப் போட்ட ஒரு நாவலின் ஆசிரியரையே மறுமாதம் அழைத்திருந்தோம். இருபத்து மூன்று பேர் படித்துவிட்டு வந்திருந்தார்கள், ஆனால் கையெழுத்து வாங்கப் புத்தகம் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்க இயலாதவர்களுக்காக இப்போது கூடுகையின் செலவில் ஐந்து பிரதிகள் வாங்கிச் சுற்றுக்கு விடுகிறோம்.

நாவல் நடக்கும் இடங்களுக்குப் பயணம் போவதில் பயன் உண்டா?

எங்களுக்கு இது எளிது, பாதி நாவல்கள் எங்கள் ஆற்றங்கரையில் நடக்கின்றன. ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கும் வீரநாராயண ஏரிக்கு, அதாவது இன்றைய வீராணத்துக்கு, ஆடிப் பெருக்கன்று போய் முதல் அத்தியாயத்தைக் கரையில் உட்கார்ந்து படித்திருக்கிறோம். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ படித்தவர்கள் கும்பகோணத்துத் துக்காம்பாளையத் தெருவைத் தேடிக்கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை. சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்த இருவரை நான் அங்கே அழைத்துச் சென்றேன். மாடி வீடுகளும் இருசக்கர வாகனங்களும் நிறைந்த தெருவில் நின்று, நாவலின் நாயகி யமுனா எந்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்திருப்பாள் என்று அவர்கள் தேடினார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தலை நிமிர்ந்து, “யார் வீடு தேடுறீங்க?” என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், “யமுனான்னு ஒருத்தங்க” என்றார். “இங்க அப்படி யாரும் இல்லையே, அடுத்த தெருவில கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி மீதிக் கோலத்தைப் போடத் தொடங்கினார்.